தியாகராசன் சாரின் ஒரே தவறு

இல்லை. அதை அவர் எழுதவில்லை.

மன்னிக்க வேண்டும். வணக்கம் சொல்லித்தான் தொடங்க இருந்தேன். தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் பேசிய நம் வட்டத் தலைவர் பரணிதரன் ஐயா, தியாகராசன் சார் ஒன்பது ஆண்டுகளில் செய்த ஒரே தவறு என்று அந்தக் குட்டநாட்டுப் படத்தின் மதிப்புரையைச் சொன்னார். அன்போடுதான் சொன்னார். நீங்களும் அன்போடுதான் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். அடங்கிவிட்டால் உட்கார்ந்துவிடுவேன். மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மதிப்புரையை எழுதியது நான்.

இப்போது வணக்கம். மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, குடந்தைத் திரை வட்டத்தின் நண்பர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் சாரின் துணைவியார் மங்களாம்பிகை அம்மா, வியாபார நேரத்தில் பேக்கரியைச் சாத்திவிட்டு வந்திருக்கும் ஷஹ்பாஸ் அண்ணன், எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் எழில்மொழி. ஊர் குத்தாலம். தஞ்சாவூரில் ஆய்வு மாணவி. சார் எழுதிய ‘வெள்ளிக்கிழமைப் பக்கம்’ என்ற ஒற்றைத் தாளுக்கு நான்கு ஆண்டுகளாகப் பிழை திருத்தினேன். இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பிழை திருத்தினேன்.

யாரை இழந்திருக்கிறோம்?

உதவி வேளாண் அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை. வயது அறுபத்து எட்டு. பதினேழு நாள்களுக்கு முன், ஒரு புதன்கிழமை காலையில், செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது இதயம் நின்றுவிட்டது. திருச்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த ஒரு மலையாளப் படத்தை இரண்டாம் முறை பார்க்க.

மலையாளப் படங்களுக்கு மதிப்புரை எழுதினார். அவ்வளவுதான் அவர் செய்த சேவை. அணை கட்டவில்லை, பள்ளிக்கூடம் கட்டவில்லை. பிறகு ஏன் இந்த மண்டபத்தில் நாற்காலி போதவில்லை? ஏன் வெளியிலும் நிற்கிறீர்கள்?

கும்பகோணத்துக்கு மலையாளப் படம் வருவதில்லை. வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு அவர் திருச்சிக்குப் போவார். அங்கேயும் ஓர் அரங்கம், ஒரு காட்சி, அதுவும் நிச்சயமில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து அதே படத்துக்கு மறுபடி போவார். முதல் முறை போகும்போது உள்ளங்கையைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தோரம் வைத்துத் திரையின் அடிப்பாகத்தை மறைத்துக்கொள்வார். அங்கே ஆங்கிலத்தில் வசனம் ஓடும். அதைப் படித்தால் முகத்தைப் பார்க்க முடியாது என்பார். ஒருமுறை அரங்க ஊழியர் வந்து பல்வலியா சார் என்று விசாரித்துவிட்டுப் போனார். இரண்டாம் முறைதான் எழுத்துகளைப் படிப்பார். பிறகு எழுதுவார். அடுத்த வெள்ளிக்கிழமை பக்கம் வரும். அதற்குள் பல நேரம் படம் அரங்கை விட்டுப் போயிருக்கும். வராத படத்துக்கு எழுதி என்ன பயன் என்று இதே வட்டத்தில் கேட்டார்கள். “படம் போனா போகட்டும். பார்த்தது போகாதுல்ல” என்றார்.

ஏன் மலையாளம் என்றும் கேட்டார்கள். நானும் கேட்டேன். “தமிழ்ப் படத்துக்கு எழுத தெருவுக்குத் தெரு ஆள் இருக்கு. பக்கத்து வீட்டுல விளக்கு எரியுது. யாராவது எட்டிப் பார்க்க வேணாமா?”

அந்த மொழியைப் படிக்க அவர் கற்றுக்கொண்டது ஷஹ்பாஸ் அண்ணனின் பேக்கரியில். தட்டுகளுக்கு அடியில் விரிக்கிற பழைய மலையாளச் செய்தித்தாள்களை எடுத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே நிற்பார். “சாரே, படிச்சிட்டு மடக்கி வைங்க, பஃப்ஸுக்கு வேணும்” என்று அண்ணன் சொல்லுவார். இரண்டு பேரும் அப்படித்தான் பழகினார்கள்.

அவர் எழுதியதில் சிலவற்றை வாசிக்கிறேன். எல்லாம் இந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் வந்த படங்கள். பெயர்களை விட்டுவிடுகிறேன். பெயரைக் கேட்டதும் நடிகரை நினைத்துக்கொள்கிறோம் என்று அவரே பெயரைக் கடைசி வரியில்தான் எழுதுவார்.

“இந்த ஆண்டு வந்த நான்காவது மலைக் காவல் நிலையம் இது. ஆய்வாளருக்கு மனைவி இல்லை, தூக்கம் இல்லை. மூடுபனி மட்டும் தாராளமாக இருக்கிறது. யாராவது நல்ல வெயிலில் ஒரு கொலை செய்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.”

இன்னொன்று. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் செவிலியின் கதை. “விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அவள் ஆறு பேருக்குப் பதில் சொல்கிறாள். களைப்பாக இருக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைப் படமும் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டாததால்தான் நாம் கேட்கிறோம்.”

பெரிய நடிகரின் பெரிய படம் ஒன்று. “இது பருந்துகளுக்காக எடுக்கப்பட்ட படம். எல்லாமே மேலிருந்து தெரிகின்றன. தரையில் நிற்கிறவர்களுக்கு எப்போது எடுப்பார்கள்?”

நட்சத்திரக் குறி போடமாட்டார். பார்க்கலாம், பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டார். எந்தப் படத்திலும் அவர் முதலில் தேடுவது ஒன்றுதான். இந்த மனிதர் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறார்? கதாநாயகனுக்கு வேலை இல்லை என்றால் அவருக்குப் படத்தில் நம்பிக்கை போய்விடும். வேலைக்குப் போகிறவனின் கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தைந்து ஆண்டு வயலில் நின்று மற்றவர்களின் கைகளைப் பார்த்தவர்.

எழுதிய பிறகு இன்னொன்று உண்டு. படம் பார்க்காத ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்கமாட்டார். அந்த ஒருவர் எப்போதும் மங்களாம்பிகை அம்மாதான். அம்மா அரிசி புடைத்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ கேட்பார்கள். நானும் சில நாள் உடன் இருந்திருக்கிறேன். ஒருநாள் அம்மா சொன்னார்கள். “முழுக் கதையும் சொல்லிட்டீங்களே. இனிமே நான் எதுக்குப் போய்ப் பார்க்கணும்?” சார் இரண்டு பத்தியை அடித்தார். இன்னொரு நாள் அம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. தூங்கிட்டியா என்று கேட்டார். “இல்லீங்க. புரியலை. பெரியவங்க பேசுற மாதிரி இருக்கு.” சார் அந்தத் தாளையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். பல்கலைக்கழகத்தில் எனக்கு இப்படி ஒரு வாசகர் கிடைத்ததில்லை.

இரண்டு முறை பார்ப்பது. பார்க்காதவருக்கு வாசித்துக் காட்டுவது. இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த ஜூலை மாதத்துக்கு வர முடியும். வர வேண்டும். விசிறிக் காற்றில் தாள் புரண்டுகொண்டே இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஜூலை. தஞ்சாவூர் மருத்துவமனையில் சாருக்குக் கண்புரை அறுவை. ஒரு வாரம் திரை பக்கமே போகக்கூடாது. அந்த வெள்ளிக்கிழமை ஒரு மலையாளப் படம் வந்தது. புது இயக்குநர், தெரியாத முகங்கள். நெல் விவசாயிகளைப் பற்றியது. திருச்சியில் தினமும் பிற்பகல் இரண்டே காலுக்கு ஒரு காட்சி. நான்கு நாள்தான் ஓடும் என்றார்கள்.

சார் கட்டுப் போட்ட கண்ணோடு தொலைபேசியில் அழைத்தார். “நீ போயிட்டு வாம்மா. ரெண்டு தடவை பாரு. எழுதி அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டிட்டு அச்சுக்குக் குடுத்துடு.”

ஒன்பது ஆண்டில் அவர் அந்தப் பக்கத்தை இன்னொருவர் கையில் கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நான் நெல் விளையும் ஊர்க்காரி. தாத்தா கூலிக்கு நட்டவர். அப்பா குத்தகைக்கு எடுத்து நடுகிறார். நான் திரைப்படத்தில் ஆய்வு செய்கிறேன். நெல்லும் சினிமாவும். இதற்கு என்னை விட்டால் யார் என்று நினைத்தேன்.

அந்த ஆண்டு மேட்டூர் திறந்து ஐந்து வாரம் ஆகியும் எங்கள் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. செய்தித்தாளில் வந்துவிட்டது. வாய்க்காலில் வரவில்லை. பக்கத்துக் கொல்லை போர்வெல் தண்ணீரில் நாற்று விட்டிருந்தோம். அது முற்றிக்கொண்டிருந்தது. அப்பா தினமும் விடிந்ததும் மதகுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து டீ குடிப்பார். தண்ணீர் வந்ததா என்று நாங்கள் கேட்கமாட்டோம். அந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போய் நான் அந்தப் படத்தில் உட்கார்ந்தேன்.

திரையில் என்ன நடக்கிறது? வயல் முழுக்கத் தண்ணீர். கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். உழவர்கள் கடன் வாங்கி மோட்டார் கொண்டுவந்து, இரவு பகலாக, அந்தத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். வெளியேற்றிவிட்டு விதைக்கப் போகிறார்களாம்.

தண்ணீரைத் துரத்துகிறார்கள். எங்கள் வாய்க்காலில் கால் நனையவில்லை.

நான் எழுதியதை வாசிக்கிறேன். “நெல்லைப் பார்த்திராத ஒருவர் எடுத்த படம் இது. வயலிலிருந்து தண்ணீரை வெளியேற்றிப் பயிர் செய்யும் உழவனை இவர் எந்த உலகத்தில் கண்டார்? இது அறியாமை அல்ல, பொய். சோறு தின்னும் எவரும் இந்தப் பொய்யை மன்னிக்க முடியாது.”

மருத்துவமனைக்கு அழைத்தேன். சார் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா இருந்தார்கள். அச்சகத்தில் காத்திருக்கிறார்கள், நேரமில்லை என்று சொல்லிவிட்டுத் தாளைக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் மதிப்புரைக்குக் கீழே யார் பெயரும் போடுவதில்லை. அடியில் எப்போதும் இருக்கும் ஒரு வரிதான் இருந்தது. பொறுப்பு: தியாகராசன்.

முதல் இரண்டு நாள் ஒரே பாராட்டு. டெல்டா முழுவதும் கைப்பேசியில் சுற்றியது. படம் பார்க்காத விவசாயிகள் எல்லாம் அனுப்பினார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் சாரை அழைத்து, சரியான சூடு கொடுத்தீங்க என்றாராம். நமக்கெல்லாம் அது எவ்வளவு எளிதாகப் புரிந்தது பாருங்கள். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. இந்த ஊரில் யாருக்குச் சந்தேகம் வரும்?

மூன்றாம் நாள் பேக்கரிக்குப் போனேன். வாராவாரம் கடைக் கண்ணாடியில் ஒட்டும் பக்கம் அங்கே இல்லை. ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த சார் கறுப்புக் கண்ணாடியோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். ஷஹ்பாஸ் அண்ணன் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை.

“சாரே, எங்க நாட்டுல வயல் கீழே, காயல் தண்ணி மேலே. வெள்ளத்தை இறைச்சு வெளியே தள்ளினாத்தான் விதைக்க முடியும். என் வாப்பா மரணம் வரைக்கும் செஞ்ச வேலை அது. நீங்க அதைப் பொய்யின்னு என் கடைக் கண்ணாடியில ஒட்டிட்டீங்க.”

ஷஹ்பாஸ் அண்ணனுக்கு ஆலப்புழைப் பக்கம். ஆறு ஆண்டாக அந்தக் கடையில் டீ குடிக்கிறேன். அவருடைய ஊரில் என்ன விளையும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எனக்கு அது தெரியாதா? பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். கடல் மட்டத்துக்குக் கீழே விவசாயம் செய்யும் பகுதி, ஒரு மதிப்பெண் வினா. அந்த இருட்டில் அது நினைவுக்கு வரவில்லை. அப்பாவின் மதகுதான் நினைவில் இருந்தது.

சார் என் பக்கம் திரும்பவே இல்லை. “பக்கத்துக்கு நான்தான் பொறுப்பு, ஷஹ்பாஸ்” என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். அவ்வளவுதான்.

நண்பர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். முப்பத்தைந்து ஆண்டு வேளாண்மைத் துறையில் இருந்த மனிதர். குட்டநாட்டில் எப்படி நெல் விளைகிறது என்று அவருக்குத் தெரியாதா? இந்த மூன்று ஆண்டில் நம்மில் ஒருவராவது இதை ஏன் யோசிக்கவில்லை? அவர் தவறு செய்தார் என்பதை நாம் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினோம்?

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே அவர் பாலக்காட்டுக்கு ரயில் ஏறினார். திருச்சியில் படத்தை எடுத்துவிட்டார்கள். பாலக்காட்டில் ஒரே நாளில் இரண்டு காட்சி பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவில் எழுதினார்.

“சென்ற வாரம் இந்தப் பக்கம் ஒரு நல்ல படத்தைப் பொய் என்றது. பொய் சொன்னது பக்கம்தான். குட்டநாட்டில் வயல் காயலுக்குக் கீழே இருக்கிறது. நீரை இறைத்தால்தான் அங்கே நிலம் என்று ஒன்று உண்டு. நாம் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கிறவர்கள். அவர்கள் தண்ணீர் வந்துவிடுமோ என்று கரையைப் பார்த்து நிற்கிறவர்கள். படத்தின் கடைசி அரைமணி நேரத்தில் கரை உடைகிறது. விதைத்த வயலுக்குள் தண்ணீர் வருகிறது. நம் ஊரில் அதற்குப் பூப்போட்டுக் கும்பிடுவோம். அங்கே ஒரு பெண் தலையில் கை வைத்து உட்கார்கிறாள். அவளோடு உட்கார இந்தப் பக்கம் தவறிவிட்டது.”

‘நான்’ என்று ஒரு இடத்திலும் இல்லை. அவர் பொய்யும் எழுதவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

பிறகு என்ன நடந்தது? முதல் தாளைப் பாராட்டியவர்கள் இரண்டாவதை அனுப்பவில்லை. யாரோ முதல் தாளை மட்டும் மலையாளத்தில் மொழிபெயர்த்துப் போட்டார்கள். அங்கே சிரித்தார்கள். இங்கே, கண் அறுவைக்கு முன் எழுதியதா பின் எழுதியதா என்று கேட்டார்கள். வெளியூர்த் திரைப்படச் சங்கம் ஒன்று மலையாளப் படங்களைப் பற்றிப் பேச அவரை அழைத்திருந்தது. நிகழ்ச்சி நிரல் மாறிவிட்டது என்று மரியாதையாகக் கடிதம் வந்தது. அவர் அந்தப் பேச்சுக்கு நாற்பது பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் எங்கும் பேச அழைக்கவில்லை. இந்த வட்டமும் அழைக்கவில்லை.

டீக்கடையில் கிண்டல் வேறு. “என்ன சார், இந்தப் படத்துல தண்ணி உள்ளே போவுதா, வெளியே வருதா?” மூன்று ஆண்டும் ஒரே கிண்டல். சார் சிரித்துக்கொண்டே, “முழுசா பார்த்துட்டுச் சொல்றேன்” என்பார். பக்கத்தில் நான் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் என்மீதுதான் விழும்.

ஏன் என்று சொல்கிறேன். இதுதான் நான் சொல்ல வந்தது. முதலில் சொன்னது பாதிதான்.

அன்று பேக்கரியிலிருந்து பேருந்து நிலையம்வரை சாரோடு நடந்தேன். பேருந்து நிலையம் வந்த பிறகு கேட்டார். “அன்னைக்குத் திருச்சியிலேர்ந்து எந்த பஸ்ல வந்தே?”

“நாலு மணி பஸ் சார்.”

சரி என்றார். குத்தாலம் வழியாகப் போகும் பேருந்தைக் காட்டினார். ஏறிக்கொண்டேன். வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காட்சி இரண்டே காலுக்கு. படம் முடியும்போது ஐந்து மணிக்குப் பக்கம் ஆகியிருக்கும். ஒன்பது ஆண்டாக அந்த வழியில் போய் வருகிறவருக்கு எந்தக் காட்சி எப்போது விடும், எந்த வண்டி எப்போது எடுக்கும் என்று தெரியாதா?

நான் இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்தத் தடத்தில் நள்ளிரவுவரை வண்டி உண்டு. கோபத்தில் வந்தேன். நெல்லைப் பற்றி இவர்கள் எனக்கு என்ன சொல்வது என்று வந்தேன். இரண்டு முறை பார்க்க வேண்டிய படத்தை அரை முறை பார்த்தேன். அந்தக் கடைசி அரைமணி நேரம் எனக்கு இன்றைக்கும் அவர் எழுதிய பத்து வரியில்தான் தெரியும். படம் பிறகு இணையத்தில் வந்தது. எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். இடைவேளை வந்ததும் நிறுத்திவிடுவேன்.

தெரியாமல் எழுதுவது தவறு. அதற்கு மறுப்பு எழுதலாம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது வேறு. அதற்கு என்ன எழுதுவது? சாருக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும் அந்தத் தாளின் அடியில் தன் பெயரை வைத்துக்கொண்டார். மறு வாரம் பிழை திருத்தத் தாளை எனக்கே அனுப்பினார்.

அவர் என்னைச் சொல்லவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதான். அவர் ஒருமுறை கையை உயர்த்தினார். மீதி மூன்று ஆண்டும் வாயை மூடிக்கொண்டது நான். அது எனக்கு வசதியாக இருந்தது. ஆய்வேடு, கருத்தரங்கம், பெயர். அழைக்கப்படாத அவருக்குப் பதிலாக இரண்டு கூட்டங்களுக்கு என்னை அழைத்தார்கள். போனேன்.

நேற்று மங்களாம்பிகை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இங்கே இதைச் சொல்லலாமா என்று கேட்கத்தான் போனேன். கேட்பதற்கு முன்பே அம்மா சொன்னார்கள்.

“எனக்குத் தெரியும்மா. அவரு எழுதினா நான் கேட்காம வெளியில போகாது. அது ஒண்ணுதான் நான் கேட்காதது. அன்னைக்கு போன்ல வாசிச்சுக் காட்டுன்னேன். நேரமில்லைன்னே.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அவரு சொல்லலை. நான் எப்படிச் சொல்றது? நீதான் சொல்லணும்.” பிறகு, “அழுவாம சொல்லு. அழுதா எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பாங்க” என்றார்கள்.

அழவில்லை அம்மா.

இனி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அது உங்கள் முன்னால்தான் எடுக்கப்பட வேண்டும். சாரின் மதிப்புரைகளை வட்டம் நூலாகக் கொண்டுவருகிறது. அதன் மெய்ப்புக் கட்டு இந்த மேசைமீது இருக்கிறது. அதில் அந்த இரண்டு தாள்களும் இல்லை. அவர் பெயருக்குக் களங்கம் வேண்டாம் என்று குழு அன்போடு நீக்கியிருக்கிறது. அன்புக்கு நன்றி. ஆனால் அவர் எழுதியதிலேயே சிறந்தது அந்த மறுப்பு. ஒரு டெல்டாக்காரர் தன் தண்ணீரைத் தாண்டி இன்னொருவரின் தண்ணீரைப் பார்த்த பக்கம் அது. அதை விட்டுவிட்டு அவரை எப்படி அச்சிடுவீர்கள்? எதை மறுக்கிறார் என்று தெரியாமல் மறுப்பை மட்டும் எப்படி அச்சிடுவீர்கள்? இரண்டும் இருக்க வேண்டும். முதலாவதன் அடியில் என் பெயர் இருக்க வேண்டும். இடைவேளையோடு எழுந்து வந்தவர் எழுதியது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். என் துறையில் அதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

இன்னொன்று. இந்தக் கூட்டத்தின் தொடக்கத்தில், வெள்ளிக்கிழமைப் பக்கத்தை இனி எழில்மொழி நடத்துவார் என்று தலைவர் அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பித் தருகிறேன். நான் பேசியதைக் கேட்ட பிறகு யாரிடம் கொடுப்பது என்று மறுபடி யோசியுங்கள். தலைவர் அவர்களே, உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயம்.

யாரிடம் கொடுத்தாலும் அவரோடு நானும் திருச்சிக்குப் போவேன். இரண்டு முறை பார்ப்போம். திரையில் பெயர்கள் ஓடி முடிந்து விளக்கு போடும்வரை உட்கார்ந்திருப்போம். எழுதியதை மங்களாம்பிகை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவோம். அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் கிழிப்போம். தவறினால் அதே இடத்தில், அதே அளவில், யார் தவறினார்களோ அவர்கள் பெயரோடு எழுதுவோம். ஷஹ்பாஸ் அண்ணன் தன் கடைக் கண்ணாடியில் மறுபடி ஒட்டச் சம்மதித்தால் அங்கேயும் ஒட்டுவோம்.

தியாகராசன் சார், நீங்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. இதை நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என்னுடைய இரண்டாவது தவறு. அதற்கு மறுப்பு எழுத வழி இல்லை.

நான் முடித்துக்கொள்கிறேன்.

மேடையிலிருந்து இறங்கினேன். யாரும் கைதட்டவில்லை. பரணிதரன் ஐயா மெய்ப்புக் கட்டை என் கையில் கொடுத்தார். இரண்டு தாள்களையும் அதில் சேர்த்து, முதல் தாளின் அடியில் என் பெயரையும் குறிப்பையும் எழுதி, அச்சகத்தில் கொடுத்தேன். குத்தாலத்துக்குப் போனதும் அந்தக் குட்டநாட்டுப் படத்தை முதலிலிருந்து போட்டேன். இடைவேளை வந்தது. நிறுத்தவில்லை.